காவு வண்டி

நரிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் அதை வேன் என்று சொன்ன எல்லாரும் ஒரு தடவையாவது திருத்தப்பட்டிருந்தார்கள்.

"வேன் இல்ல, கார். ஏழு பேர் ஒக்கார்ற கார்" என்பார் யோகேஸ்வரன்.

இழுத்துத் திறக்கிற பக்கக் கதவும், மேலே தூக்குகிற பின்கதவும், ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போன்ற உருவமும் உள்ள ஒன்றைக் கார் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். யோகேஸ்வரன் பதினொரு வருடமாகத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். துணிச்சலுக்குக் குறைவில்லை. அவர் நிற்கிறவரை அது காராக இருந்தது. அவர் முதுகு மறைந்ததும் வேனாகிவிடும். அவருடைய மனைவி ஜீவராணி மட்டும் இரண்டு பெயரும் சொல்வதில்லை. "அது" என்பாள். கழுவுகிறவளுக்குப் பெயர் எதற்கு?

நாலு மாதத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு தரகரிடம் வாங்கியது. முந்தைய சொந்தக்காரர் நுவரெலியாவுக்கு வந்து கோல்ஃப் விளையாடிப் போகிற ஒரு கொழும்புத் துரை என்று தரகர் சொல்லியிருந்தார். பின்பக்கத் தரையில் நீளவாட்டில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள் பதித்திருந்தன. அவை கோல்ஃப் மட்டைப் பை சறுக்காமல் இருப்பதற்காம். கூரையில் ஒரு கொக்கி தொங்கியது. அது துரை கோட்டு மாட்டுவதற்காம். யோகேஸ்வரனிடமும் ஒரு கோட்டு உண்டு. அன்றைக்கே கொண்டுவந்து மாட்டினார். பொகவந்தலாவைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கோட்டு ஊஞ்சலாடி, பின்னால் இருந்தவர்கள் கன்னத்தில் மாறி மாறி அறைந்தது. தலைவரின் கோட்டு என்பதால் யாரும் திருப்பி அறையவில்லை.

இப்போது அதற்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதிதாக ரோஸ் வர்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே பழைய மாதிரியே இரண்டு வகை மாத்திரைதான், வெள்ளையும் மஞ்சளும். இருந்தாலும் சுவர் ரோஸ் ஆகிவிட்டபடியால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பிரதம அதிதி கொழும்பிலிருந்து வருகிறார். அவருடைய ஜீப் ஃபெக்டரிக்கு மேலே உள்ள வளைவில் திரும்பாது என்றார்கள், கொழுந்து லொறி தினமும் திரும்புகிற வளைவுதான் அது. ஆகவே சந்தியிலிருந்து டிஸ்பென்சரி வரைக்கும் அவரைத் தூக்கி வருகிற பாக்கியம் யோகேஸ்வரனின் ஏழு பேர் காருக்குக் கிடைத்தது.

"சும்மா கழுவுனா பத்தாது. டீட்டெய்லிங் பண்ணணும்" என்றார் யோகேஸ்வரன்.

"அது என்னங்க?" என்றாள் ஜீவராணி.

"கழுவுறதுதான். ஆனா முறையா."

முறை ஃபோனில் இருந்தது. தமிழ்நாட்டுத் தம்பி ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு கறுப்புக் கார் ஒன்றைத் தடவித் தடவிப் பேசினான். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு தலைவருடையது. அதன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு யோகேஸ்வரன் உட்கார்ந்தார். தலைவரான நாளிலிருந்து அவருக்கு இடுப்புப் பிடிப்பு. தம்பி சொல்வதை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். மேற்பார்வை என்பது அதுதான். ஆறு நாள் கொழுந்தெடுத்த கை ஏழாவது நாள் வாளியைத் தூக்கியது.

"ரெண்டு வாளி வேணும். ஒண்ணு ஷாம்பூவுக்கு, ஒண்ணு துணி அலசுறதுக்கு. மேலேர்ந்து கீழ தொடைக்கணும். வட்டமா தேய்க்கக் கூடாது, நேரா. நேரான்னு சொல்றேன்ல."

மலையூற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நின்ற வீரய்யா அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறாத உறுப்பு அவரிடம் நாக்கு ஒன்றுதான்.

"மனுசனுக்கு ஒரு வாளி, காருக்கு ரெண்டு வாளியா தலைவரே?"

"கார் வச்சிருக்கவனுக்குத் தெரியும் மாமா அந்தக் கஷ்டம்."

"அது சரி. தேய்க்கிறவளுக்குத் தெரியாதுதான்."

முன்பக்கத்துக்குக் கறை நீக்குகிற கம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, மேலே மெழுகு பூசி, மெதுதுணியால் துடைத்தாள் ஜீவராணி. யோகேஸ்வரன் எழுந்து வந்து அதில் முகம் பார்த்து, மீசையைத் தடவிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து மலைக்கு மேலேயிருந்து தூறல் இறங்கியது. மெழுகு போட்ட முன்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மெழுகு படாத கதவில் தட்டையாகப் பரவி வழிந்தது.

"பாத்தியா, அந்தத் தம்பி சொன்ன மாதிரியே முத்து நிக்குது. அதுதான் டீட்டெய்லிங்" என்றார் யோகேஸ்வரன்.

ஜீவராணி பார்த்தாள். கொழுந்தில் காலைப் பனி நிற்கிற மாதிரி இருந்தது. இதற்கு முன் யாரும் அதற்குப் பெயர் வைத்து அவளுக்குக் காட்டியதில்லை.

பின்பக்கம் போன வீரய்யாதான் முதலில் அதைக் கண்டார். நாலு மாத அழுக்கும் அதற்கு முந்தைய யார் யாருடையவோ அழுக்கும் ஷாம்பூவில் போயிருந்தன. பின்கதவின் கண்ணாடிக்குக் கீழே, தகட்டில், பழுத்த வெள்ளைக்கு நடுவே புது வெள்ளையில் இரண்டு சொல் தெரிந்தது. என்றோ ஒட்டியிருந்த எழுத்தை உரித்திருக்கிறார்கள். எழுத்து போய்விட்டது, வெயில் படாத அதன் நிழல் மட்டும் இருந்தது.

வீரய்யா எழுத்துக் கூட்டினார். "கா... வு... வண்டி. காவு வண்டி."

"என்னா?" என்றார் யோகேஸ்வரன்.

"காவு வண்டின்னு போட்டிருக்கு தலைவரே. கோல்ஃப் அடிக்கிற தொரைக்குக் கெடா வெட்டுற பழக்கமும் இருந்திருக்கும் போல."

பீலியில் நின்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காவு என்றால் முனியாண்டிக்கு ஆடு வெட்டுவது. அதில் மேல் டிவிசனில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே இது ஏதோ ஒரு பெரிய கோயிலுக்கு ஆடு ஏற்றிய வண்டி என்று முடிவாயிற்று. தரையில் உள்ள தண்டவாளம் ஆட்டைக் கட்டுவதற்கு என்றாள் ஒருத்தி. கூரையில் உள்ள கொக்கி உரித்த ஆட்டைத் தொங்கப்போட என்றான் இன்னொருவன். அப்படியானால் தலைவரின் கோட்டு தொங்கிய இடத்தில்... என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டார் வீரய்யா. முடிப்பதைவிட அது மோசமாக இருந்தது.

யோகேஸ்வரனின் முகம் டிஸ்பென்சரிச் சுவரின் நிறத்துக்கு வந்தது.

"கம்பவுண்ட் போட்டு அழி அத. ஞாயித்துக்கெழம எழுத்து எதுவும் இருக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சங்கக் கூட்டம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கூட்டமும் கலைந்தது.

ஜீவராணி உள்ளே சுத்தம் செய்யப் பின்கதவைத் தூக்கினாள். தரைவிரிப்பை எடுத்துப் போட்டுத் தண்டவாளத்தைத் துடைத்தாள். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலம். ஒவ்வொன்றின் முனையிலும் சின்னச் சக்கரம் ஓடிய தேய்மானம். நிமிர்ந்தபோது கொக்கி தலையில் இடித்தது. அதில் தொங்கிய கோட்டைக் கழற்றினாள். கொக்கியைப் பார்த்தாள். சின்னது. இரண்டு வளைவு உள்ளது. கோட்டுக்கும் காணாது, ஆட்டுக்கும் காணாது.

இப்படிக் கொக்கி ஒன்றை அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். சேலைன் போத்தல் தொங்குகிற கொக்கி.

அவளுடைய வலது கை தானாகவே கொஞ்சம் மேலே போனது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இந்தக் கை இப்படித்தான் இருந்தது. தங்கச்சி வினோதாவுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டு ரத்தம் நிற்காமல் போனபோது டிஸ்பென்சரியில் ஒரு சேலைன் போத்தலை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் ஒன்று வரப்போகிறது என்று ஒரு வருடமாகப் பேச்சு இருந்தது. "வண்டி இன்னும் வரல. கப்பல்ல நிக்குதாம்" என்றார் தலைவர். தானே ஒரு பக்கம் பிடித்து வினோதாவைக் கொழுந்து லொறியில் ஏற்றினார். அதைக் குறை சொல்ல முடியாது. கொழுந்துச் சாக்கின் மேல் தங்கச்சி படுத்திருக்க, ஜீவராணி போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள பாலத்தில் வினோதாவின் கை அவள் சேலை முந்தானையை விட்டது. அதற்குப் பிறகும் ஜீவராணி கையை இறக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் இறக்கிக் கொண்டுபோன பிறகு, லொறிக்காரர்தான் வந்து போத்தலை வாங்கினார்.

கப்பலில் நிற்கிற வண்டிமேல் யார் கோபப்பட முடியும்? அவள் கடலைத்தான் திட்டினாள்.

வெளியே வந்து பக்கக் கதவுக்கு வாளித் தண்ணீரை ஊற்றினாள். துணியால் நேராகத் தேய்த்தாள். நேராக. தூறல் விட்டு வெயில் சாய்வாக அடித்தபோது அதிலும் எழுத்துத் தெரிந்தது. மேலே சிங்களத்தில் ஒரு வரி. கீழே அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்தில் ஒரு வரி. நடுவில் தமிழ்.

நரிமலைத் தோட்ட மக்களுக்கு அன்பளிப்பு.

அவள் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். இது அதற்குள் அடங்கிய பாடம். பின்பக்கம் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே ஒரு சொல் இருந்திருக்க வேண்டும், கண்ணாடியில் நிழல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வண்டிகளின் பின்னால் எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. நோயாளர் காவு வண்டி. கொழும்பில் மொழிபெயர்க்கிறவர்களுக்குக் காவுதல் என்றால் சுமப்பது. நோயாளர் கண்ணாடியோடு போய்விட்டார்கள். காவு மட்டும் நின்றுவிட்டது.

வீட்டுக்குள் போனாள். கூடத்தில், பிளாஸ்டிக் மாலை போட்டு, யோகேஸ்வரனின் படம் தொங்கியது. ஒன்பது வருடம் அவள் தூசி தட்டிய படம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மாநாட்டில் கௌரவித்தபோது எடுத்தது என்று சொல்லியிருந்தார். அவர் யாரிடமோ கைகொடுத்துச் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ ஒன்று. அதில் நீல எழுத்தில் "ளிப்பு" என்று தெரிந்தது. இத்தனை நாளும் அதை ஒரு பேனர் என்றே நினைத்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பேனருக்குக் கதவுக் கைப்பிடி இருக்காது.

படத்தின் கீழே தேதி இருந்தது. வினோதா செத்ததற்குப் பதினெட்டு நாள் முந்திய தேதி.

வண்டி வந்திருக்கிறது.

பொழுது சாய யோகேஸ்வரன் வந்து, வாசலில் வண்டிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"ஏங்க, அந்த ஆம்புலன்ஸ் என்னாச்சு?"

"எந்த ஆம்புலன்ஸ்?"

"ஒம்பது வருசத்துக்கு முன்னாடி நம்ம டிஸ்பென்சரிக்கு வர்றதா இருந்துச்சே."

"அதான் வரலையே. இப்ப என்னத்துக்கு அது?"

"இந்தக் கதவுல எழுதியிருக்கறதப் பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். எழுந்து போய், கிட்ட நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். திரும்பியபோது, இதென்ன என்று அவர் கேட்கவில்லை. ஜீவராணி அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்து நின்றாள். அவர் படத்தையும் பார்க்கவில்லை. ஒன்பது வருடமாக அந்தப் படத்தில் அவர் பார்த்தது அவரை மட்டும்தான். பின்னால் நின்ற வண்டியைப் பார்த்திருந்தால் அதையே மறுபடி போய் வாங்கியிருப்பாரா?

"படத்துல ஒங்க பின்னாடி நிக்கிறதும் இதானே? சாவியக் குடுத்தாங்களா? என்னா சொல்லி வாங்கிட்டுப் போனாங்க?"

"ஒனக்கென்ன தெரியும்?" என்றார். "பதிவு மாத்தணும், கொழும்புக்குப் போயிட்டு வரும்னு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். தேத்தண்ணி அவருடைய வாய்க்கு வெகு அவசரமாகத் தேவைப்பட்டது.

"வந்துச்சுன்னு ஒருவாட்டி சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். வண்டி வந்துச்சு, நாங்க விட்டுட்டோம்னு எங்கிட்ட ஒருவாட்டி சொல்லுங்க."

"வரல. நான் சொல்றேன்ல, வரல. எழுத்த அழிச்சு விடு. பிரதம அதிதி ஏறுற கார்ல எழுத்து கிழுத்து இருந்தா மரியாத இல்ல."

அழித்து விடச் சொன்னார். அவளும் அழித்தாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை, மலையிலிருந்து இறங்கிக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கிறவரை அவள் கம்பவுண்ட் தேய்த்தாள். பழுத்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் புது வெள்ளை ஆயிற்று. எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் கரைந்தது. வெள்ளிக்கிழமை, இடம் தெரிந்தவர்கள் தேடினால் மட்டும் கிடைக்கிற அளவுக்கு மங்கிப் போயிருந்தது.

சனிக்கிழமை மெழுகு. அந்தத் தம்பி மெழுகைப் பரவலாகப் பூசச் சொன்னான். ஜீவராணி முன்பக்கத்துக்குப் பரவலாகத்தான் பூசினாள். கதவுக்கு வந்தபோது துணியை வைத்துவிட்டு, சுட்டுவிரல் நுனியில் மெழுகைத் தொட்டாள். கோலம் போடுகிற பதத்தில், மங்கலாகக் கிடந்த கோட்டின் மேலேயே, "ந" என்று இழுத்தாள். "ரி". "ம". "லை"க்கு விரல் இரண்டு தடவை திரும்ப வேண்டியிருந்தது. தமிழ் வரி மட்டும். மற்ற இரண்டு வரியும் யாருக்கு வேண்டுமோ அவர்கள் பூசிக்கொள்ளட்டும். பின்கதவில் இரண்டு சொல். காயவிட்டு மெதுதுணியால் ஒற்றினாள். கதவின் மிச்ச இடத்தில் துளி மெழுகு படவில்லை.

வீரய்யா குடத்தோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா மருமகளே, காருக்கு மை வைக்கிற மாதிரி வைக்கிற?"

"டீட்டெய்லிங் மாமா."

"ம்" என்றார். அவர் எழுத்துக் கூட்டக் கூடியவர். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

யோகேஸ்வரன் வந்து சுற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். காய்ந்த கதவில் ஒன்றும் இல்லை. "கம்பவுண்டுன்னா கம்பவுண்டுதான்" என்று தம்பியைப் பாராட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விழா. பதினொன்றேகாலுக்குப் பிரதம அதிதி சந்தியில் வந்து இறங்கினார். யோகேஸ்வரன் கோட்டைப் போட்டிருந்தார். அதிதி ஏறினார், செயலாளர் ஏறினார், இரண்டு மாலை ஏறின. ஃபெக்டரி வளைவைத் தாண்டும்போது, மேல் டிவிசனில் எந்த விழாவுக்கும் தவறாமல் வருகிற விருந்தாளி வந்தது. தூறல்.

டிஸ்பென்சரி வாசலில் தவில் முழங்க வண்டி நின்றது. அதிதி முன்கதவால் இறங்கி ரோஸ் சுவரை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டு நடந்தார். ரிப்பனை வெட்டினார். உள்ளே போய் வெள்ளை மாத்திரையையும் மஞ்சள் மாத்திரையையும் பார்வையிட்டார். திரும்பி வந்தபோது, தனக்காகத் திரண்ட கூட்டம் தனக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

கதவில் முத்து முத்தாக எழுதியிருந்தது. மழை எழுதுகிறது, மழையே படிக்கக் கொடுக்கிறது. ஒவ்வொரு எழுத்திலும் துளிகள் நெருக்கியடித்து நின்றன. சுற்றிலும் தண்ணீர் வழிந்து ஓட, எழுத்தில் நின்ற தண்ணீர் மட்டும் ஓடவில்லை.

"நரிமலைத் தோட்ட மக்களுக்கு அன்பளிப்பு" என்று வீரய்யா, கோயிலில் ஏலம் கூறுகிற குரலில் வாசித்தார். பின்பக்கம் போனார். "காவு வண்டி."

தவில்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

"காவுதல் என்றால் சுமத்தல் ஐயா" என்றார் செயலாளர். அவர் மொழிபெயர்ப்பில் பட்டம் பெற்றவர். "நோயாளர் காவு வண்டி. அதாவது ஆம்புலன்ஸ்."

"சுமக்குறதுங்களா? எங்க பக்கம் காவுன்னா வெட்டுறதுங்க" என்றார் வீரய்யா. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும் போல."

யாரோ ஒருத்தி, "நமக்கு வந்த ஆம்புலன்சா இது?" என்று கேட்டாள். கேள்வி பக்கத்து ஆளுக்குப் போயிற்று. அங்கிருந்து அடுத்த ஆளுக்கு. எல்லாக் கண்ணும் கோட்டுப் போட்ட தலைவர் பக்கம் திரும்பியது. அவர் கழுத்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஜீவராணி நுனிக்காலில் எழும்பிப் பார்த்தாள். இன்னும் அரை நிமிடம் போதும். யாராவது கேட்பார்கள், அவர் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பிரதம அதிதி முப்பது வருடமாகப் பிரதம அதிதியாக இருப்பவர். அரை நிமிடத்தில் என்னென்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஐந்து விநாடியில் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த நரிமலைத் தோட்டப் பெருமக்களே. நான் இதை உங்களுக்கு ஓர் ஆச்சரியமாக அறிவிக்கத்தான் இருந்தேன். மழை முந்திக்கொண்டது. உங்கள் தலைவர் யோகேஸ்வரன் அவர்கள், தம்முடைய சொந்த வேனை, இந்தத் தோட்ட மக்களுக்கு ஆம்புலன்சாக இன்று அன்பளிப்புச் செய்கிறார். கொடுத்துச் சிவந்த இந்தக் கரத்துக்கு ஒரு கைதட்டல்."

தோட்டத்தில் கைதட்டலுக்குப் பஞ்சமில்லை. தவில்காரரும் சேர்ந்துகொண்டார். எழுத்து எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. விழா என்றால் எங்காவது ஏதாவது எழுதித்தானே இருக்கும். சொந்தக் காரை எல்லாருக்கும் முன்னால் வேன் என்று சொன்னதைக்கூட, நாலு மாதத்தில் முதல் தடவையாக, யோகேஸ்வரன் திருத்தவில்லை.

மைக் அவருடைய கைக்கு வந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் நின்ற மனைவியைப் பார்த்தார். ஒரு கணம், இரண்டு கணம், அவருடைய வாய் ஏதோ ஒரு சொல்லுக்காகத் திறந்தது. ஜீவராணி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"எல்லாம் ஐயாவோட ஆசி" என்றார்.

சாவியைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். அதிதியின் கை கீழே, அவருடைய கை மேலே, நடுவில் சாவி. நல்ல படம். பிறகு பிரதம அதிதி வேறொன்றையும் அறிவித்தார். தனியார் பேரில் உள்ள வண்டியைச் சும்மா ஆம்புலன்ஸ் ஆக்க முடியாது, பதிவு மாற்ற வேண்டும், சைரன் பூட்ட வேண்டும், அதற்கெல்லாம் கொழும்புக்குப் போக வேண்டும். அந்தச் சிரமத்தைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். இதற்கும் கைதட்டினார்கள். செயலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். சிங்களத்தில் இருந்தது. யோகேஸ்வரன் வாசிக்கிற மாதிரி கண்ணை இடமிருந்து வலம் ஓட்டி, கையெழுத்துப் போட்டார். அந்தக் கண்ணோட்டத்திலும் கையெழுத்திலும் தடுமாற்றமே இல்லை. பழக்கம்.

அதிதியின் டிரைவர் வண்டியை எடுத்தார். சந்தி வரை வழியனுப்பக் கூடப் போன தலைவர், மாலையோடும் கோட்டோடும், தூறலில், இரண்டு மைல் ஏற்றத்தை நடந்து வந்தார். சப்பாத்து புதியது. வழியில் கொழுந்து லொறி நிறுத்தி ஏறச் சொன்னது. அவர் ஏறவில்லை. லொறியில் ஏறுவது மரியாதை இல்லை.

மாதம் இரண்டு போயிற்று. வண்டி வரவில்லை. சைரன் பூட்ட அவ்வளவு நாள் ஆகுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் லயத்துக் கிழவர் ஒருவருக்கு மூச்சு முட்டியபோது லொறிதான் போயிற்று. கூடப் போனவள் ஜீவராணி. கையைத் தூக்கிப் பிடிப்பதில் அவளுக்கு முன் அனுபவம் இருந்தது. கிழவர் பிழைத்து வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகேஸ்வரன் வழக்கமான இடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கழுவ ஒன்றும் இல்லை. பீலியில் சனம் நின்றது. வீரய்யா குடத்தை இறக்கி வைத்தார்.

"என்னா தலைவரே, கார் இல்லாம கையி ஒடிஞ்ச மாதிரி இருக்குமே."

"மக்களுக்குக் குடுத்தது மாமா. குடுத்தத நெனைக்கக் கூடாது. நீங்க ஒண்ணு சொல்லுங்க, இந்தப் பக்கத்துல ஒரு தோட்டத்துக்கு ரெண்டு தடவ ஆம்புலன்ஸ் வாங்கிக் குடுத்த தலைவன் வேற எவன் இருக்கான்?"

"ரெண்டு தடவையா?" என்றார் வீரய்யா. "மொத தடவ எப்ப?"

"ஒம்பது வருசத்துக்கு முன்னாடி. நுவரெலியாவுல, பெரிய ஹோட்டல்ல. வெளிநாட்டுக்காரங்க குடுத்தாங்க. என் கையிலதான் சாவி. படம் கெடக்குதே வீட்டுல."

"அப்ப வண்டி வந்துச்சுங்கிறீங்க."

"வந்துச்சு. வராம? நான் கையெழுத்துப் போட்டு வாங்கின வண்டிய வரலைன்னு சொல்ல முடியுமா?"

பீலியில் ஜீவராணி வைத்த குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவள் கேட்ட வாக்கியம் ஒன்பது வருடத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் பிறகு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை, கூட்டத்துக்கு வந்தது. பெருமையின் வால்பிடித்து வந்தது. பீலியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். யோகேஸ்வரன் அவர்கள் பார்ப்பதைக் கண்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சங்கத்து ஆள் வந்து புதுப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சாவி கொடுக்கிறார், சிரிக்கிறார். தோளுக்குப் பின்னால் எழுத்து முழுதாக, துளித்துளியாக நிற்கிறது.

"பழசுக்குப் பக்கத்துல மாட்டு" என்றார்.

ஜீவராணி பக்கத்தில் மாட்டவில்லை. ஒரு முழம் தள்ளி ஆணி அடித்து அதை மாட்டினாள். பிறகு நடுவில் இன்னோர் ஆணி அடித்தாள்.

"அது என்னத்துக்கு?"

பெட்டிக்குள்ளிருந்து அவள் எடுத்தது சின்னப் படம். அடையாள அட்டையில் இருந்ததை ஹட்டனில் கொடுத்துப் பெரிதாக்கியது. காதைக் காட்டி, சிரிக்காமல், நேராகப் பார்க்கிற வினோதா.

"அவளும் இந்த வண்டிக்குக் காத்திருந்தவதானே" என்றாள். "ரெண்டுக்கும் நடுவுல நிக்கட்டும்."

யோகேஸ்வரன் கதிரையில் இருந்தபடியே கதவு வழியாக மூன்று படத்தையும் பார்த்தார். அவருடைய இடது கை, காரணமில்லாமல், கதிரையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நேராக.

"புதுசு கொஞ்சம் கோணலா இருக்கு" என்றார். "வலது பக்கம் தூக்கு."

அவள் தூக்கவில்லை. சுத்தியலை அவர் மடியில் வைத்துவிட்டு, நிரம்பி வழிகிற குடத்தை எடுக்கப் பீலிக்குப் போனாள்.